வட்டக்கானல் போன நீலப் புள்ளி

அந்த நீலப் புள்ளிதான் என் மனைவி என்று நான் நம்பினேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஆள் நான். கொடைக்கானலில், வட்டக்கானல் போகிற ரோட்டில், சாக்லேட், தைலம், ஜாம் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். காலையில் இரண்டு செய்தித்தாள் படித்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவேன். சாலை விதி, செயற்கைக்கோள், டெல்லி அரசியல் என்று எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு கருத்து உண்டு, கேட்காவிட்டாலும் உண்டு. அப்படிப்பட்டவன், போன் திரையில் மிளகு அளவுக்கு ஊர்ந்த ஒன்றைக் கட்டிய மனைவி என்று எண்ணி, அது நின்றபோது நெஞ்சு நின்று, அது ஓடியபோது பின்னாலேயே ஓடி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுவதையும் தொலைத்தேன்.

புள்ளி வந்ததற்குக் காரணம் ஸ்கூட்டர். ஸ்கூட்டர் வந்ததற்குக் காரணம் கொய்யாப்பழம்.

பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் என் மனைவியின் தங்கைக்குக் கொய்யாத் தோப்பு இருக்கிறது. அந்தப் பழத்தில் என் மனைவி காய்ச்சுகிற ஜெல்லி ஒன்றுதான் எங்கள் கடையில் எங்களுடைய சரக்கு. மற்றதெல்லாம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைப்பது. முன்பெல்லாம் பழத்தைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். மலை ஏறி வருவதற்குள் பாதிப் பழம் யாரும் காய்ச்சாமலே ஜெல்லியாகியிருக்கும். ஒருநாள் சாக்கைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே நானே போய்ப் பறிச்சுட்டு வாரேன்" என்றாள். எப்படிப் போவாய் என்று கேட்டேன். போய் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

நீ போகக் கூடாதா என்று கேட்பீர்கள். மலையில் பிறந்து மலையிலேயே வளர்ந்தும் மலைப்பாதை ஒத்துக்கொள்ளாத ஜென்மம் நான். பெருமாள்மலை தாண்டுவதற்குள் வயிறு கலங்கிவிடும். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை, இறுக மூடிய கண்கள்: இந்தக் கோலத்தில்தான் வாழ்நாளில் நான் கீழே இறங்கியதெல்லாம். ஆனாலும் சாலைப் பாதுகாப்பு பற்றி என்னைப்போல் வகுப்பெடுக்க ஊரில் ஆளில்லை. அவள் முதன்முதலாகக் கிளம்பிய அன்று வண்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டு ஆரம்பித்தேன். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்க வேண்டும். வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஓட்டும்போது தலையே போனாலும் போனைத் தொடக் கூடாது. போனை எடுத்தவன் எமனை எடுத்தவன்.

"கண்ண மூடிக்கிட்டே இம்புட்டும் பாத்து வச்சிருக்கீங்க" என்றாள். ஹெல்மெட்டை மாட்டினாள். போய்விட்டாள்.

அவள் திரும்பி வரும்வரை நான் கடையில் என்ன செய்தேன் என்பதை விவரிக்க வேண்டாம். தைலம் கேட்டவருக்குத் தேன் கொடுத்தேன். அது மட்டும் போதும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் லீவுக்கு வந்திருந்தபோது என் தவிப்பைப் பார்த்துச் சகிக்காமல் எங்கள் இருவர் போனையும் வாங்கி என்னென்னவோ தட்டினாள். அதன்பின் அம்மாவின் போன் என் மேப்பில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிய ஆரம்பித்தது. மனைவி அதற்குச் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு.

"நான் ரோட்டுல இருக்கையில போன் பண்ணப்படாது. ஒரு தடவ பண்ணுனாலும் இந்தப் புள்ளிய அணைச்சிருவேன். அப்புறம் நீங்க சோசியருகிட்டத்தான் போய்க் கேக்கணும்."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் தலையில்தான்.

புள்ளி வந்த பிறகு நான் மனிதனானேன். அது பழனியைத் தாண்டும்போது கடையில் ஊதுபத்தி கொளுத்துவேன். மலையில் ஏறத் தொடங்கினால் கல்லாவில் நேராக உட்காருவேன். வடகவுஞ்சிக்குக் கீழே சில வளைவுகளில் டவர் எடுக்காது. புள்ளி அங்கே போய் நிற்கும். பத்து நிமிடமோ கால் மணியோ கழித்து மேலே எங்கேயாவது முளைக்கும். அந்தக் கால் மணியில் நான் மூச்சு விடுவதைக் குறைத்துக்கொள்வேன். பழகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை புள்ளி அங்கே போய் நின்றது. முளைக்கவில்லை.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். திரையைத் துடைத்துப் பார்த்தேன். போனை அணைத்து மறுபடி போட்டேன். புள்ளி அதே வளைவில், சரியாகச் சொன்னால் வளைவின் விளிம்பில், பச்சை வண்ணம் தொடங்குகிற இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை என்றால் காடு. காடு என்றால் பள்ளம். கடைக்கு வெளியே வானம் கருக்கட்டிக்கொண்டு வந்தது. ஒரு கேரளக் குடும்பம் சாக்லேட்டை ருசி பார்த்துக்கொண்டிருந்தது. "எடுத்துக்கங்க, எல்லாம் எடுத்துக்கங்க, கடையச் சாத்தப் போறேன்" என்றேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிற கடைக்காரனைப் பார்த்து அவர்கள் பயந்து ஒன்றும் எடுக்காமல் போய்விட்டார்கள்.

சத்தியத்தை மீறினேன். போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொன்னாள். எந்த எல்லை, யார் போட்ட எல்லை என்று அவளிடம் கேட்டேன். அவள் அதையே இந்தியிலும் சொன்னாள். மறுபடி போட்டேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள். பின்னால் அந்தக் கணக்கு வேறொரு போனில் எனக்கு முன்னால் விரியும்.

ஷட்டரை இழுத்துவிட்டு மூஞ்சிக்கல் டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அங்கே ஒரு டீக்கடை. அதை நடத்துகிற அக்காவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. ஊரே டீ என்றாலும் அவருக்கு அது தேத்தண்ணிதான். பெஞ்சில் வழக்கம்போல் இரண்டு பேர். ஒருவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பெரியவர். நாட்டில் நல்லது எது நடந்தாலும் டெல்லி செய்தது, கெட்டது எது நடந்தாலும் சென்னை செய்தது என்பார். மற்றவன் டாக்ஸி ஓட்டுகிற தம்பி. அவனுக்கு அதே வாக்கியம் தலைகீழாக. இருவரும் பத்து வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மாற்றப் பார்க்கிறார்கள். எனக்கென்று தனிக் கட்சி கிடையாது. எதிரில் யார் இருக்கிறாரோ அவருக்கு நான் எதிர்க்கட்சி.

"என்னண்ணே, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்றான் தம்பி.

"வண்டிய எடு. வடகவுஞ்சிக்குப் போகணும். வெரசா!"

"நீங்களா? வடகவுஞ்சிக்கா? சீட்ட யாரு கழுவுறது?"

"அவ புள்ளி நின்னுபோச்சுடா!"

போனை வாங்கிப் பார்த்தான். "அட, இங்க டவரே கெடையாதேண்ணே. எம்பொண்டாட்டி இந்த வளைவுல வரும்போதுதான் நான் நிம்மதியா ஒரு சிகரெட்டு குடிப்பேன்."

"அரை மணிக்கு மேல ஆச்சு!"

பெரியவர் குனிந்து திரையைப் பார்த்தார். "தம்பி, நிலாவுக்கு ராக்கெட் விட்டாச்சு. அதெல்லாம் டெல்லி. இந்த வளைவுக்கு ஒரு டவர் வைக்கச் சொல்லுங்க பாப்போம். ஏன் வைக்கல? எடம் குடுக்கணும்ல? எடம் யாரு கையில? சென்னை கையில."

"ஏங்க, காடு யாரு கையில? மரத்துல ஒரு கிளைய வெட்டவே டெல்லிக்கு எழுதிப் போடணும். டவர் வைக்க சென்னை எங்கிட்டுப் போகும்?"

"ஏலே, நீ டூரிஸ்டு வண்டிக்கு ஈ-பாஸ் வந்ததுல இருந்து சவாரி இல்லாம பொலம்புறவன், உனக்கு டெல்லியப் பத்தி என்ன தெரியும்?"

"சவாரி இல்லாததாலதானங்க பேப்பர் படிக்கிறேன்!"

வேறொரு நாளாக இருந்தால் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் மாற்றி மாற்றி எண்ணெய் ஊற்றியிருப்பேன். அன்றைக்கு என் மனைவி பச்சை வண்ணத்தின் விளிம்பில் இருந்தாள். "அங்க ஒரு உசுரு கெடக்குது, நீங்க என்னடான்னா டெல்லி, சென்னைன்னு!" என்று கத்தினேன். தெருவில் போன ஒரு குதிரை நின்று பார்த்தது.

அக்கா என் கையில் கிளாஸைத் திணித்தார். "தேத்தண்ணியக் குடிங்க தம்பி. கை இந்த ஆட்டம் ஆடுது. அந்தப் புள்ள நிதானமான புள்ள. நீங்கதான் பதறுவீங்க. அது பதறாது."

பாதி என் வாயிலும் பாதி சட்டையிலும் போனது. தம்பி வண்டிச் சாவியைத் தேடினான். அப்போதுதான் புள்ளி முளைத்தது.

முளைத்தது மட்டுமில்லை, ஓடியது. நான் பார்க்கப் பார்க்க ஒரு வளைவு, அடுத்த வளைவு. எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உடனே போனது. ஏனென்றால் என் மனைவி அப்படி ஓட்டமாட்டாள். முப்பதைத் தாண்டினால் வண்டிக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்பதுபோல் ஓட்டுகிறவள். புள்ளியோ பறக்கிறது. மலைப்பாதையில், மழை வருகிற நேரத்தில், அரை மணி நேரம் ஒரு வளைவில் கிடந்துவிட்டு, அதன்பின் யாரும் ஓட்டாத வேகத்தில் ஊரை நோக்கி வருவது எது? மறுபடி போன் போட்டேன். இப்போது மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"ஆம்புலன்ஸ்" என்றேன்.

டெல்லியும் சென்னையும் ஒரே நேரத்தில் வாயை மூடியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"மூஞ்சிக்கல் வழியாத்தான வரணும்?" என்று பெரியவர் மெதுவாகச் சொன்னார். "இங்கனயே நிப்போம்."

நின்றோம். நான் ரோட்டின் நடுவில் நின்றேன், போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. புள்ளி பெருமாள்மலையைத் தாண்டியது. வெள்ளி அருவியைத் தாண்டியது. நெருங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு சைரனுக்குக் காத்திருந்தேன். சனிக்கிழமைக் கூட்டம், கார்களும் பஸ்களும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நகர்ந்தன. சைரன் இல்லை. புள்ளி என் சொந்தப் புள்ளியின் மேல் வந்து ஏறியது. அவளும் நானும் ஒரே இடத்தில் இருந்தோம். சுற்றிப் பார்த்தேன். ஒரு கொய்யாப்பழ வேன்தான் என் இடுப்பை உரசுகிற மாதிரி நின்று, காது கிழிய ஹாரன் அடித்தது.

"யோவ் பெருசு! ரோட்டுல நின்னு போனா பாக்குற? சாவுறதுக்கு வேற எடமே கெடைக்கலயா?"

என்னையா? சாலைப் பாதுகாப்பு பற்றி என்னிடமா? "ஆம்புலன்சுக்கு வழி விடுய்யா, பழ வண்டி!" என்று நானும் திருப்பிக் கத்தினேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். புள்ளியும் போய்விட்டது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பிதான் விளக்கினான். சாட்டிலைட் மேலே போய்க் கீழே வர நேரம் எடுக்கும், அதனால் புள்ளி கொஞ்சம் லேட்டாகத்தான் காட்டும், ஆம்புலன்ஸ் ஏற்கெனவே நம்மைத் தாண்டியிருக்கும். பெரியவரும் அதை ஆமோதித்தார். அவர்கள் இருவரும் எதிலாவது ஒத்துப்போனால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. தம்பியும் நானும் டாக்ஸியில் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வாசலில் ஒரு நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆக்சிடென்ட் கேஸ் வந்துச்சுங்களா? ஸ்கூட்டர், பொம்பள?"

"இல்லீங்களே."

"நல்லாப் பாருங்க. இப்பத்தான் வந்திருக்கும்."

"காலையில இருந்து ஒரு பல்லு வலியும் ஒரு குரங்குக் கடியும்தான் வந்துச்சு. எப்ப ஆச்சு ஆக்சிடென்ட்டு? யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள்? போனை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் சட்டையில் இருந்த டீக்கறையைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் உக்காருங்க சார், பிரஷர் பாத்துடுவோம்" என்றார்.

அந்த நேரத்தில் புள்ளி நின்றது. எங்கே என்று பெரிதாக்கிப் பார்த்தேன். என் கடை வாசலில்.

இதுவரை நடந்ததெல்லாம் பயம். இதுதான் பயத்தின் அப்பன். அடிபட்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராமல் நேராக வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றால், எப்போது அப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். தம்பி தோளில் கைபோட்டு டாக்ஸியில் ஏற்றினான். ஜெல்லிக்காக அடுப்பில் ஏற்றுகிற அந்தப் பெரிய பாத்திரம் என் கண் முன்னால் வந்து நின்றது. அதை யார் தூக்குவார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மனசு நினைத்தது அதைத்தான், பாத்திரத்தை.

டாக்ஸி ஏழுரோடு சந்திப்பைத் தாண்டுவதற்குள் புள்ளி கடையை விட்டுக் கிளம்பியது. வட்டக்கானல் பக்கம்.

"வட்டக்கானலுக்கு எதுக்குண்ணே கொண்டு போறாங்க?" என்றான் தம்பி. அந்தக் கேள்வியில்தான் முதல் தடவையாக எங்கள் ஆம்புலன்சில் ஒரு ஓட்டை விழுந்தது. வட்டக்கானலில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன, மூலிகை டீ இருக்கிறது, தாடி வைத்த வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அடிபட்டவர்களுக்கு அங்கே ஒரு சோலியும் இல்லை.

"கடத்திட்டுப் போறானுகளா?" என்றேன்.

"அண்ணியவா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி சட்டென்று ரோட்டைப் பார்த்தான். அவன் சிரிப்பை அடக்குவது பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

வட்டக்கானல் ரோட்டில் வண்டிகள் அசையவில்லை. சமவெளிப் பதிவெண்கள், ஜன்னலுக்கு வெளியே நீட்டிய போன்கள். என் கடையைத் தாண்டி ஊர்ந்தோம். ஷட்டர் மூடியபடி இருந்தது, வாசலில் யாரும் இல்லை, கூட்டம் இல்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, மர்மமாகவும் இருந்தது. இதற்குள் மகளுக்கு வேறு போன் போட்டு அவளையும் அழவைக்கப் பார்த்தேன். அவள் அழவில்லை. தலைமுறை அப்படி.

"அப்பா, வீட்டுல போய்ப் பாத்தியா?"

"அவ வீட்டுல இல்லம்மா. புள்ளி வீட்டுல இல்ல. வட்டக்கானல்ல இருக்கு."

"அது போன் இருக்கிற எடம்பா. அம்மா இருக்கிற எடம் இல்ல. வச்சுக் குடுத்த அன்னைக்கே சொன்னேன்ல?"

"போன் இல்லாம உங்கம்மா எப்பிடிம்மா இருப்பா?"

"நீ பொறக்கறப்ப போனோடவா பொறந்த?" என்று கேட்டுவிட்டு, மீட்டிங் இருக்கிறது, அம்மாவைப் பார்த்ததும் கூப்பிடு என்று வைத்துவிட்டாள். சின்னப் பிள்ளை, நிலைமை புரியவில்லை என்று தம்பியிடம் சொன்னேன்.

கடைசியில் இறங்கி நடந்தே போனோம். புள்ளி நின்ற இடம் ஒரு விடுதியின் பின்வாசல். அங்கே நின்றது அந்தக் கொய்யாப்பழ வேன். டிரைவர் கூடை இறக்கிக்கொண்டிருந்தான். டேஷ்போர்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், என் மனைவியின் போன் கிடந்தது. நான் மறுபடி ஒரு முறை அழைத்துப் பார்த்தேன். சத்தமில்லாமல் வெளிச்சம் வந்தது. திரையில் என் பெயர் இல்லை. 'டென்ஷன் அழைக்கிறது' என்று இருந்தது.

டிரைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "ஏய், ரோட்டுல நின்ன ஆளுல்ல?"

"அந்தப் போன் எங்க இருந்து வந்துச்சு? அவ எங்க?"

"ஓ, சாக்லேட்டுக் கடைக்காரர் நீங்கதானா!" அவன் முகம் மலர்ந்தது. "உங்க கடைக்குத்தாண்ணே போனேன். சாத்திக் கெடந்துச்சு. சரி, சரக்க எறக்கிட்டுத் திரும்பையில குடுப்போம்னு வந்துட்டேன். வடகவுஞ்சிக்குக் கீழ காட்டுமாடு நின்னுச்சுண்ணே, நடு ரோட்டுல, கன்னுக்குட்டியோட. அசையவே மாட்டேங்குது. உங்களுக்குத் தெரியும்ல, பாரஸ்ட்காரங்க பெரிய வண்டிய ஓரமா மெதுவா நகரவிட்டு அனுப்பிட்டு டூவீலர நிப்பாட்டிருவாங்க. அக்கா நின்னாங்க. அங்கன டவர் இல்ல. என்கிட்ட வந்து, தம்பி நீங்க முன்னாடி போறீங்கள்ல, எங்க வீட்டுக்காரருகிட்ட நான் பத்திரமா இருக்கேன், மாடு போனதும் வாரேன்னு சொல்லிருங்க, இல்லேன்னா அந்த மனுசன் செத்தே போவாருன்னாங்க. நம்பர் கேட்டேன். மனப்பாடமாத் தெரியாதாம். போன்ல தேடுறதுக்குள்ள என் வண்டிக்கு வழி விட்டுட்டாங்க, அதான் கடைய அடையாளம் சொல்லிப் போனையே குடுத்துட்டாங்க."

மலையில் இது வழக்கம்தான். மரம் விழுந்தாலும் மண் சரிந்தாலும் மாடு நின்றாலும் முன்னால் போகிற வண்டியிடம் சேதி சொல்லிவிடுவோம். டவர் வருவதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். சேதியோடு போனையே கொடுத்தனுப்பியது மட்டும்தான் புதிது.

"அத்தன தடவ அடிச்சேனே! எடுத்து ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?"

டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மலையில வண்டி ஓட்டையில போன் எடுக்கலாமாண்ணே?"

தம்பி திரும்பி நின்றுகொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

சிரிக்க எனக்கு நேரமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அவள் மாட்டுக்கு முன்னால் நின்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. டூவீலரில். மழை வேறு தூறத் தொடங்கிவிட்டது. முன்பாவது ஒரு புள்ளி இருந்தது, இப்போது புள்ளி என் சட்டைப் பையில் இருக்கிறது. அவள் எங்கே என்று உலகத்தில் எந்தச் சாட்டிலைட்டுக்கும் தெரியாது. "வண்டிய எடு, வடகவுஞ்சி!" என்றேன் மறுபடியும். டிரைவர் கையில் இரண்டு கொய்யாவைத் திணித்து, "வழியில சாப்பிடுங்கண்ணே, ரொம்பப் படபடப்பா இருக்கீங்க" என்றான்.

டாக்ஸி திரும்ப ஊர்ந்தது. என் கடை வந்தது. மலைப்பாதைக்குப் போகிறோமே, எலுமிச்சம்பழமும் பையும் வேண்டுமே என்று நிறுத்தச் சொன்னேன். மனைவி ஆபத்தில் இருக்கும்போதும் வாந்திக்கு ஏற்பாடு செய்கிற புருஷன் நான்தான். எங்கள் வீடு கடைக்குப் பின்னால், மேட்டில். கடைக்கு வாசல் கீழ் ரோட்டில், வீட்டுக்கு வாசல் மேல் ரோட்டில். படிகளில் மூச்சு வாங்க ஏறினேன். ஏறி முடித்தால் மேல் ரோட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது. சீட்டின் மேல் ஹெல்மெட் கவிழ்ந்திருக்கிறது. உள்ளே கொய்யா வாசனை.

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவள் மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்த்தேன். கண்ணைத் திறந்தாள்.

"என்னங்க, கடையச் சாத்திட்டு எங்க போனீங்க? மேல இருந்து எட்டிப் பாத்தேன். வெள்ளனே சாத்தியிருந்துச்சு. டெல்லியப் பத்திப் பேசப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

போனை எடுத்து நீட்டினேன்.

"குடுத்துட்டானா? நல்ல புள்ள. அதான் உங்களுக்குச் சேதி வந்திருக்கும்னு நானும் படுத்துட்டேன். குளிர் தாங்கல."

போனைத் திறந்தாள். திரையை மேலே தள்ளினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள். அவளை அழைத்த டென்ஷன் முடிவில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

"ரோட்டுல இருக்கையில பண்ணப்படாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"நீ ரோட்டுல இல்லியே. வீட்டுலதான இருந்த" என்றேன். பழக்கதோஷம், வாய் தானாக வாதாடியது.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனில் எதையோ தட்டினாள். என் பையில் இருந்த போன் ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். மேப்பில் நான் மட்டும் இருந்தேன்.

கீழே டாக்ஸிக்காரத் தம்பி ஹாரன் அடித்தான். ஜன்னலைத் திறந்து, போகலாம், வேலை முடிந்துவிட்டது என்று கையசைத்தேன். அரை மணி நேரத்தில் மூஞ்சிக்கல் பெஞ்சுக்குச் சேதி போய்விடும் என்று எனக்குத் தெரியும். போனது.

நடந்தது இதுதான். வடகவுஞ்சிக்குக் கீழே ஒரு காட்டுமாடு கன்றோடு ரோட்டில் நின்றது. என் மனைவி இன்ஜினை அணைத்துவிட்டு, ஹாரன் அடிக்காமல், மற்ற டூவீலர்காரர்களோடு தள்ளி நின்றாள். மாடு சோலைக்குள் இறங்கிய பிறகு மெதுவாக ஏறி வந்தாள். ஊருக்குள் கூட்டமாக இருந்ததால் மேல் ரோடு வழியாக வீட்டுக்கு வந்து, பழத்தை இறக்கி வைத்து, வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்தாள். நான் வட்டக்கானல் ரோட்டில் அவளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.